கைக்குட்டையில் துரு

அன்புள்ள பெருச்சாளிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நான், அம்மா, தம்பி மூவரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் இந்தத் தடவை அதை முக்கால் பங்கு நலம் என்று திருத்திப் படித்துக்கொள், மீதிக் கால் பங்கைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு, முழுப் பங்கும் நலமாக இருக்க வேண்டும். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று புருவத்தைத் தூக்குவாய். போனில் நான் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் உன் அம்மா அதைப் பிடுங்கி முடித்துவிடுவாள். பேருந்து நிலையத்தில் இத்தனை வருடம் மைக் முன்னால் உட்கார்ந்து அறிவிப்பு சொல்லிச் சொல்லி, வீட்டில் உப்பு தீர்ந்துபோனதைக்கூட வண்டி புறப்படப் போகிற மாதிரிதான் சொல்கிறாள். இந்த விஷயத்தை அந்தக் குரலில் கேட்டால் நீ நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிடுவாய். அதனால் நானே நிதானமாக எழுதுகிறேன், தம்பி பக்கம் பக்கமாகப் படம் எடுத்து இன்றைக்கே உனக்கு அனுப்பிவிடுவான். கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு அப்புறம் போன் செய், பாதியில் செய்யாதே. பயப்படாமல் படிப்பதற்காக ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நடந்தது நடந்து முடிந்துவிட்டது, நான் உயிரோடும் இரண்டு கண் பார்வையோடும் உன் அம்மாவிடம் திட்டு வாங்கிக்கொண்டும்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எழுத வேண்டிய அவசரம் உன்னால் வந்தது. போன வாரம் நீ தம்பியிடம் பேசியதை அவன் அப்படியே வந்து ஒப்பித்துவிட்டான், நீ சொல்லாதே என்று சொன்னதையும் சேர்த்து. போனில் என் முகத்தைப் பார்த்தாலே அப்பா அழுகிறார், இப்போது கொஞ்ச நாளாக முகத்தையே காட்ட மாட்டேன் என்கிறார், கேமரா கெட்டுப்போச்சு என்று பொய் சொல்கிறார், விமான நிலையத்தில் அன்றைக்கே அழுதவர்தானே, என்னை விட்டு இருக்க முடியவில்லை போல, மாசக் கடைசியில் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்றாயாமே. நாங்கள் உன்னை வழியனுப்பிய அன்று கூட வந்த நெட்டை தன் போனில் எடுத்த படத்தை, நானும் நீயும் பெட்டிகளுக்கு நடுவில் நிற்கிற படத்தை, படுக்கைக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டி வைத்திருப்பதாகவும், தினமும் அதில் என் ஈரக் கன்னத்தைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போவதாகவும் சொன்னாயாம். ஒரு பெரிய ஆற்றுக்கு அடியில் சுரங்கம் போடுகிற வேலையில் இருக்கிறவள் நீ. சின்ன வயதில் நான் பள்ளம் தோண்டினால் அதற்குள் முதலில் குதிக்கிறவள் நீதான், அதற்காகத்தானே பெருச்சாளி என்று பேர் வைத்தேன். அப்படிப்பட்டவள் என் கண்ணில் வடிந்த தண்ணீருக்காக அந்த வேலையை விடப்போகிறாள் என்றால், அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று உனக்கு ஒழுங்காகத் தெரிய வேண்டும்.

வடிந்தது இடது கண்ணில் மட்டும். நீ புறப்படுவதற்குக் கொஞ்ச காலம் முன்பே தொடங்கியது. காற்றடித்தால் வடியும், வெயிலில் வடியும், சும்மா உட்கார்ந்திருந்தாலும் வடியும். வேலைக்குப் போகிற வீடுகளில் இதனால் நடந்த கூத்தைக் கேட்டால் சிரிப்பாய். ஒரு வீட்டில் சிங்க் அடைப்பை எடுத்துக்கொண்டிருந்தேன், அந்த வீட்டம்மா குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, மனசுல எதையும் வச்சுக்காதீங்க அண்ணே, எல்லாம் சரியாப் போயிடும் என்று ஆறுதல் சொன்னார். இன்னொரு இடத்தில் குளியலறைக் குழாய் எந்தப் பக்கம் வர வேண்டும் என்று புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்கள், என் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே சமாதானமாகிவிட்டார்கள். நெட்டையைக் கேட்கவே வேண்டாம், உனக்குத்தான் தெரியுமே, என்னோடு ரெஞ்சு பிடிக்கத் தொடங்கிய நாளிலிருந்து அவன் வாய் மூடியதில்லை. ஊர்ப் பைப்பெல்லாம் நம்மகிட்ட வருது, உன் பைப்ப எங்க கொண்டு போறது என்று போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரிக்க வைப்பான். உன் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. நான் உன்னை நினைத்துத்தான் உருகுகிறேன் என்று முடிவே கட்டிவிட்டாள். நீ குடிக்கிற கோப்பையை என் கண்ணில் படாமல் அலமாரியில் பாத்திரங்களுக்குப் பின்னால் தள்ளி வைத்தாள். நான் இல்லை என்று சொல்லச் சொல்ல அவளுக்கு ஆமாம் என்றே கேட்டது.

கடைசியில் அவள் தொல்லை தாங்காமல் கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே ஒரு டாக்டரம்மா, குள்ளமாக, கையெல்லாம் குழந்தைக் கை மாதிரி சின்னதாக இருந்தார். என் தொழில் என்ன என்று கேட்டார், பிளம்பர் என்றேன். அப்படின்னா உங்களுக்கு விளக்குறது சுலபம் என்று சொல்லி ஒரு கண்ணாடியை என் கையில் கொடுத்து, கீழ் இமையை மெல்ல இழுத்து, மூக்குப் பக்கத்து ஓரத்தைப் பார்க்கச் சொன்னார். இதைப் படித்ததும் நீயும் எழுந்துபோய்ப் பார். இமையின் விளிம்பில் ஒரு குட்டி மேடு தெரியும், அதன் உச்சியில் ஒரு ஓட்டை, ஊசி முனையால் குத்தின அளவுக்கு. மேல் இமையிலும் அதே மாதிரி ஒன்று. கண்ணில் ஊறுகிற தண்ணீர் அந்த ஓட்டைகள் வழியாக இறங்கி, இமைக்குள்ளேயே ஓடுகிற இரண்டு மெல்லிய குழாய்களில் போய், மூக்கு ஓரத்தில் ஒரு சின்னப் பையில் சேர்ந்து, அங்கிருந்து எலும்புக்குள் குடைந்த ஒரு பாதையில் இறங்கி மூக்குக்குள் விழுகிறதாம். அழுதால் மூக்கு ஒழுகுவது அதனால்தானாம். மோட்டார் எது தெரியுமா, நாம் கண்ணை மூடித் திறக்கிறோமே அதுதான். ஒவ்வொரு இமைப்பும் தண்ணீரை உள்ளே இழுத்துத் தள்ளுகிறது. பிறந்ததிலிருந்து ஒரு நாள் லீவு போடாமல், சத்தம் போடாமல், ஒரு வாஷர் மாற்றாமல் ஓடுகிற பம்ப். நான் வாயைத் திறந்தது திறந்தபடி உட்கார்ந்திருந்தேன். வயிற்றுப் பிழைப்பே குழாய் என்று இருந்தவன், சுவருக்குள் எந்த லைன் எந்தப் பக்கம் போகிறது என்று தட்டிப் பார்த்தே சொல்கிறவன், என் மூஞ்சிக்குள்ளேயே இப்படி ஒரு வேலைப்பாடு இருப்பது தெரியாமல் தினமும் அதைச் சோப்பு போட்டுக் கழுவிக்கொண்டிருந்திருக்கிறேன். அன்று திரும்பி வருகிற பேருந்தில் எதிரே இருந்தவர்களின் இமைகளையே பார்த்துக்கொண்டு வந்தேன். கண்டக்டர், தூங்கி விழுகிற ஒரு பெரியவர், பள்ளிக்கூடப் பிள்ளைகள், எல்லாருக்கும் இந்த லைன் ஓடுகிறது, ஒருத்தருக்கும் தெரியாது. அம்மா என் தொடையில் கிள்ளினாள், பொம்பளைங்களை அப்படிப் பாக்காதீங்க, அடி விழும் என்று.

அவர்கள் சோதித்துப் பார்த்த விதமும் நம் தொழில்தான். கழிவறைத் தொட்டி கசிகிறதா என்று பார்க்க நாங்கள் சாயம் கரைத்து ஊற்றிவிட்டு எங்கே வெளியே வருகிறது என்று பார்ப்போம் இல்லையா, அதே மாதிரி இரண்டு கண்ணிலும் மஞ்சள் சாயச் சொட்டு விட்டு, கொஞ்ச நேரம் கழித்து மூக்கில் பஞ்சு வைத்து எடுத்தார்கள். வலது பக்கப் பஞ்சு பளிச்சென்று மஞ்சளாக வந்தது. வலது கண் லைன் சுத்தமா இருக்கு, ஒரு குறையும் இல்ல என்றார் டாக்டரம்மா. இடது பக்கப் பஞ்சு போட்டபடியே வெள்ளையாக வந்தது. பிறகு இடது இமை ஓட்டையில் முடி மாதிரி ஒரு குழாயை நுழைத்து உப்புத் தண்ணீரைச் செலுத்தி, தொண்டையில உப்புக் கரிச்சா சொல்லுங்க என்றார். கரிக்கவில்லை. போன தண்ணீர் மேல் இமை வழியாகத் திரும்பி வந்து கன்னத்தில் வழிந்தது. அடைப்பு என்று நான் சொன்னேன், அடைப்புதான் என்று அவரும் சொன்னார், எனக்குப் பெருமை தாங்கவில்லை. பழைய லைன் சுவருக்குள் அடைத்துக்கொண்டால் என்ன செய்வோம், அதை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் புது வழி போடுவோம், அவர்களும் அதைத்தான் செய்வார்களாம், மூக்கெலும்பில் சின்னதாக ஒரு ஜன்னல் திறந்து பையை நேராக மூக்குக்குள் திருப்பிவிடுவது. நாள் குறித்தார்கள். கண்ணோரத்தில் மூக்கை ஒட்டிப் பட்டாணி அளவுக்கு ஒரு வீக்கம் இருந்தது, தேங்கின தண்ணீராக இருக்கும், விரலால் அழுத்தி விடுங்கள் என்றார்கள். நானும் அழுத்தினேன். அது அமுங்கவில்லை. பழைய அடைப்பு, கெட்டித்துப் போயிருக்கும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

இங்கேதான் உன் அம்மா வருகிறாள். என் கைக்குட்டைகளைப் பற்றி உனக்குத் தெரியும், பழைய இரும்புப் பைப்பை அறுத்துவிட்டு அதே கையால் முகத்தைத் துடைப்பேன், எல்லாம் துருக் கறையாக இருக்கும், அம்மா அவற்றை மட்டும் தனி வாளியில் ஊற வைத்துத் திட்டிக்கொண்டே துவைப்பாள். கொஞ்ச காலமாக இடது கண்ணைத் துடைத்தால் கைக்குட்டையில் இளம் பழுப்பாகக் கறை படிந்தது. துரு என்றுதான் நினைத்தேன். ஒரு நொடிகூட வேறு மாதிரி தோன்றவில்லை, வேறு யாராக இருந்தாலும் பதறிப்போய் டாக்டரிடம் சொல்லியிருப்பார்கள், எனக்கு அது சட்டையில் எண்ணெய் பட்ட மாதிரி ஒரு சாதாரண விஷயம். ஆபரேஷன் அன்று காலையில் ஆஸ்பத்திரிப் பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தவள் ஒரு கைக்குட்டையைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். இந்த மாசம் பூரா அந்தப் புது அடுக்குமாடியிலதானே வேலை பாத்தீங்க என்றாள். ஆமாம் என்றேன். அங்க பூரா பிளாஸ்டிக் பைப்தானே போட்டீங்க என்றாள். ஆமாம் என்றேன். அப்புறம் இந்தத் துரு எங்கிருந்து வந்துச்சு என்றாள். வெளியே ஆட்டோ வந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது, அவள் அந்தக் கைக்குட்டையை மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் எனக்குப் பச்சை அங்கியை மாட்டி, கட்டிலில் சாய வைத்து, டாக்டரம்மா வந்து மூக்கோரத்தில் பேனாவால் கோடு போடப் போகிற நேரம். நர்ஸ் வெளியே இருங்க என்று சொல்லச் சொல்ல அம்மா உள்ளே நுழைந்து, மைக் இல்லாமலே மாடி முழுக்கக் கேட்கிற குரலில், டாக்டர், இவர் இரும்பையே தொடலை, ஆனா கண்ணுல துரு வருது என்று அறிவித்து, கைக்குட்டையை விரித்துக் காட்டினாள். அங்கே இருந்த யாரும் சிரிக்கவில்லை. டாக்டரம்மா அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், இது துரு இல்ல, ரத்தக் கசிவு என்றார். பேனாவை மூடி வைத்தார். கையுறையைக் கழற்றிவிட்டு வெறும் விரலால் என் கண்ணோரத்தைத் தடவினார், அவ்வளவு நேரம், அவ்வளவு மெல்ல, யாரும் என் முகத்தைத் தொட்டதில்லை. இமைகளைக் கட்டிப் பிடிக்கிற நரம்பு மாதிரி ஒன்று அந்த மூலையில் இருக்கிறதாம், தேங்கின தண்ணீர் வீக்கம் என்றால் பெரும்பாலும் அதற்குக் கீழேதான் நிற்குமாம், என்னுடையது அதைத் தாண்டி மேலேயும் ஏறியிருந்தது. இன்னைக்கு ஆபரேஷன் வேண்டாம், ஸ்கேன் எடுப்போம், முன்னாடியே எடுத்திருக்கணும் என்றார். எல்லாரும் தயாராக நிற்கும்போது நிறுத்துகிறேன் என்று சொல்வதற்கு எவ்வளவு தெம்பு வேண்டும் என்று எனக்குத் தெரியும், எத்தனை சுவரை நாங்கள் வந்தது வந்துவிட்டோம் என்று உடைத்திருக்கிறோம். நீகூட ஒரு தடவை சொன்னாயே, மண் மாறுகிற வாசனை வந்தால் மிஷினை நிறுத்திவிட்டு முதலில் துளை போட்டு முன்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்போம் என்று. அன்றைக்கு உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன்.

ஸ்கேனில் தெரிந்தது அடைப்பு இல்லை, கட்டி. அந்தக் கண்ணீர்ப் பைக்குள்ளேயே முளைத்து வளர்ந்துகொண்டிருந்தது. அதை இடிக்காமல் ஓரத்தில் துளியூண்டு கிள்ளிச் சோதனைக்கு அனுப்பினார்கள். இந்த இடத்தில் கட்டி வருவது அபூர்வம், இத்தனை வருஷத்தில் நானே விரல் விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் பார்த்திருக்கிறேன், கண் டாக்டர்கள் நிறையப் பேர் பார்த்ததே இல்லை என்று டாக்டரம்மா சொன்னார். அதனால்தான் எல்லாரும் அடைப்பு என்று ஏமாறுவார்களாம். அன்றைக்கு அந்த ஜன்னலைத் திறந்திருந்தால் கட்டிக்கு மூக்குக்குள் போக நாமே வழி வெட்டிக் கொடுத்த மாதிரி ஆகியிருக்குமாம். சோதனையில் வந்தது, சாதாரணமாகத் தொடங்கின கட்டிதான், ஆனால் ஒரு மூலையில் புற்றாக மாறத் தொடங்கியிருந்தது. இந்த வார்த்தையை உனக்கு எழுதுவதற்குள் எழுந்து எழுந்து போய் இரண்டு தடவை தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது திறந்தால்தான் முழுசாகத் தெரியும், தாண்டிப் போயிருந்தால் கண்ணையே எடுக்க வேண்டியும் வரலாம் என்று மறைக்காமல் சொல்லிவிட்டார். நான் பயந்தேன் மகளே. நெட்டையிடம் மட்டும் விளையாட்டாகப் பேசிக்கொண்டிருந்தேன். உன் அம்மா அன்றைக்கு வீட்டுக்கு வந்து விளக்கைப் போடாமல் உட்கார்ந்து, பயமா இருக்குங்க என்று சொன்னாள். அவள் மெதுவாகப் பேசி நான் கேட்டது அப்போதுதான். உனக்குச் சொல்லலாமா என்று இரண்டு பேரும் யோசித்தோம். நீ பூமிக்கு அடியில் நிற்கிற நேரத்தில் மனசு இங்கே இருந்தால் ஆபத்து என்று நான்தான் வேண்டாம் என்றேன். திட்டுவதானால் என்னைத் திட்டு, அம்மாவை விட்டுவிடு.

ஆபரேஷனில் கண் டாக்டரம்மாவும் மூக்கு டாக்டர் ஒருவரும் சேர்ந்து வேலை செய்தார்கள். ஓட்டையிலிருந்து மூக்குவரைக்கும் அந்த லைன் முழுவதையும், பை, குழாய், அதைச் சுற்றின எலும்பு உள்பட, உடையாமல் ஒரே துண்டாக எடுத்துவிட்டார்கள். கண்ணைத் தொடவில்லை. ஒரு பெரிய வீட்டில் சுவருக்குள் புதைந்த பைப்பை டைல்ஸ் ஒன்றுகூட விரிசல் விடாமல் எடுக்கிற ஆளை நான் இன்னும் பார்த்ததில்லை, இவர்கள் உயிருள்ள முகத்தில் அதைச் செய்திருக்கிறார்கள். மூக்கோரத்தில் ஒரு தழும்பு, அவ்வளவுதான், மூக்குக் கண்ணாடி போட்டால் தெரியாது. முகம் வீங்கி, இடது பக்கம் பூரா நீலம் பாய்ந்து, கட்டோடு இருந்தேன், அதனால்தான் கேமரா கெட்டுப்போனது. எடுத்ததன் ஓரங்களை எல்லாம் மெழுகில் வைத்து இழை இழையாகச் சீவி, சாயம் ஏற்றி, ஒருவர் நாள் முழுக்க உட்கார்ந்து பார்ப்பாராம், எங்காவது ஓரத்தில் கட்டியின் ஒரு துணுக்காவது ஒட்டியிருக்கிறதா என்று. என் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்காத மனிதர், என் முகத்துக்கு உள்ளே இருப்பதை என்னைவிட நன்றாகத் தெரிந்தவர். கண்ணீருக்குக்கூட ஓரம் உண்டு என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்த முடிவு வருகிற வரைக்கும் வீட்டில் யாரும் சத்தமாகக் கதவைச் சாத்தவில்லை. நேற்று முன்தினம் வந்தது, ஓரம் எல்லாம் சுத்தம், சுவரைத் தாண்டவில்லை. கரண்ட் வைக்கிற கதிர் சிகிச்சையும் இப்போதைக்குத் தேவையில்லை என்று அவர்கள் எல்லாரும் கூடிப் பேசி முடிவு செய்திருக்கிறார்கள், ஆனால் இது திரும்பி வரக்கூடிய சாதி, பல வருடம் விடாமல் போய்க் காட்ட வேண்டும். அந்தக் கட்டியின் படத்தை நான் கேட்டதற்காக டாக்டரம்மா காட்டினார். அசிங்கமாக இருக்கும் என்று நினைத்துப் போனேன். ஊதாவும் இளஞ்சிவப்புமாக, மடிப்பு மடிப்பாக உள்நோக்கிச் சுருண்டு, புடவைக் கரைக்கு நெய்தது போல இருந்தது. என்னைக் கொல்ல வந்ததை அழகாக இருக்கிறது என்று சொல்லக் கூடாதுதான், ஆனால் உனக்குப் பொய் எழுதவும் மனசு வரவில்லை.

இப்போது உனக்கு வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். இடது பக்கம் இனிமேல் லைனே கிடையாது. ஊறுகிற தண்ணீர் போக வழி இல்லை, கன்னத்தில்தான் வரும். பல வருடம் கழித்து, திரும்பி வரவில்லை என்று உறுதியானால், சின்னதாக ஒரு கண்ணாடிக் குழாய் வைக்கலாமாம், கண்ணாடியில் பைப் போடுவதை நினைத்தால் இப்போதே போய் நிற்கலாம் போல இருக்கிறது, ஆனால் அதுவரைக்கும் நான் கைக்குட்டையும் கையுமாகத்தான். ஆகவே போனில் என் இடது கண் நனைந்திருந்தால் அது பெற்ற மனசு இல்லை, பிளம்பிங். விமான நிலையத்துப் படத்தில் என் இடது கன்னத்தில் நீ பார்க்கிற ஈரமும் அந்தக் கட்டியின் வேலைதான், அப்போதே அது உள்ளே இருந்திருக்கும் என்று டாக்டரம்மா சொல்கிறார். ஒரு கட்டியின் பேச்சைக் கேட்டு வேலையை எழுதிக் கொடுக்காதே. தலைக்கு மேல் ஓர் ஆறு ஓட, அதற்குத் தெரியாமல் அடியில் மனிதர் நடக்க வழி செய்கிறாய், இதை நினைத்தால் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது, நான் வேலைக்குப் போகிற வீடுகளில் எல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன், சிலர் நம்பவில்லை, நெட்டை சாட்சி சொல்கிறான். அவன் தினமும் வந்து என்னைப் பார்த்துவிட்டு, என் வேலையையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறான், இப்போது கேலி செய்வதை நிறுத்திவிட்டான், எனக்குத்தான் அது ஒரு மாதிரியாக இருக்கிறது, சீக்கிரம் தொடங்கச் சொல்ல வேண்டும். தம்பி கட்டு மாற்றக் கற்றுக்கொண்டுவிட்டான், கை நடுங்கவே இல்லை. நீ ஈரக் காலுறையோடு நிற்காதே, சுரங்கத்தில் தலைக்கவசத்தைக் கழற்றாதே, உனக்கும் ஏதாவது கொஞ்ச நாள் விடாமல் இருந்தால், அது எவ்வளவு சில்லறை விஷயமாக இருந்தாலும், நீயே காரணம் சொல்லிக்கொள்ளாமல் டாக்டரிடம் போ. உடம்பு நம் தொழிலைக் கேட்டுக்கொண்டு நோய் கொடுப்பதில்லை.

இதுவரைக்கும் எழுதியதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். பிளம்பிங் என்ற இடம் வந்ததும் அவள் எழுந்துபோய்த் தன் போனை எடுத்துவந்து, அதே விமான நிலையத்துப் படத்தை இரண்டு விரலால் பெரிசாக்கி என் முன்னால் நீட்டினாள். இது எந்தக் கண்ணு என்று கேட்டாள். நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். இடது கன்னம் ஈரம், அது தெரிந்ததுதான். அவள் விரல் இருந்தது அந்தப் பக்கம் இல்லை. சாயம் விட்டுப் பார்த்ததில் வலது பக்கம் ஒரு குறையும் இல்லை என்று மேலே எழுதியிருக்கிறேனே, அந்த இடத்தை மட்டும் கிழித்துவிட்டு வேறு தாளில் எழுதலாமா என்று பார்த்தேன், அவள் விடவில்லை. எழுதினது எழுதினதுதான், அப்படியே போகட்டும் என்கிறாள், தம்பியும் அவள் பக்கம் சேர்ந்துகொண்டான்.

ஆயுசோடும் தெளிந்த மனசோடும் இரு, மண் உனக்கு இளகிக் கொடுக்கட்டும், தலைக்கு மேல் இருக்கிற ஆறு தன் வழியில் போகட்டும் என்று நாங்கள் இரண்டு பேரும் மனசார வாழ்த்துகிறோம். மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. சுவரில் இருக்கிற அந்தப் படத்தைக் கழற்றி வெளிச்சத்தில் வைத்துப் பார். இடது கண்ணுக்காக நீ வர வேண்டாம், அதைப் பார்த்துக்கொள்ள இங்கே டாக்டரம்மா இருக்கிறார். சுரங்கம் அக்கரை சேர்ந்த பிறகு, வலது கண்ணுக்காக ஒரு தடவை வந்துவிட்டுப் போ.

என்றும் உன் நினைவோடு,
அப்பா